ஆளுக்கொரு டப்பா

குடித்த தண்ணீர் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. தொண்டையை நனைத்துவிட்டு அப்படியே ஆவியாகிவிடுகிறதோ என்னமோ, பாட்டில் மூடியைத் திருகி வைப்பதற்குள் நாக்கு மறுபடி அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, ஆணியைச் சப்பின மாதிரி ஓர் இரும்பு ருசியோடு. பிலோமினா டீச்சர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு பலகை. மூளை, நரம்பு, ஞாபகமறதி. முதல் இரண்டையும் அவள் மன்னித்துவிட்டாள். மூன்றாவதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அதைக் கொட்டை எழுத்தில் எழுதி, அதற்கு நேர் எதிரே பெஞ்சு போட்டு, ஆட்களை வரிசையாக உட்காரவைத்து, கூப்பிடும்வரை வாசித்துக்கொண்டிருங்கள் என்று விட்டிருக்கிறார்கள். இதற்குப் பெயர் ஆஸ்பத்திரியாம். பக்கத்தில் ஜெரால்டு. அவள் பெற்ற பிள்ளைதான், பெங்களூரிலிருந்து நேற்று ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியவன், போனை விரலால் தள்ளிக்கொண்டே இருக்கிறான். அவள் பாட்டிலை மறுபடி எடுத்தபோது மட்டும் அவன் தலை நிமிர்ந்தது. "போதும்மா. குடிச்சிட்டுக் குடிச்சிட்டு பாத்ரூம் பாத்ரூம்னு எந்திரிப்ப. அந்த நேரம் பாத்துதான் நம்ம பேரைக் கூப்பிடுவாங்க." பார்த்தீர்களா, தண்ணீர் குடிக்கக் கூடாதாம். பாளையங்கோட்டை வெயிலில் எத்தனை பிள்ளைகளுக்கு விசில் ஊதி, வரிசையாக நிறுத்தி, குடிங்கட்டி குடிங்கட்டி என்று குழாயடிக்குத் துரத்தியவள் அவள். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் என்றால் தலைமைச் சிஸ்டர்கூட ஓர் அடி தள்ளித்தான் நிற்பார். அவளைப் பார்த்து இவன், அவள் தூக்கி வளர்த்த பயல், தாகத்துக்கு அளவு சொல்கிறான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே ரெண்டு மடக்குக் குடித்தாள். வேண்டுமென்றேதான் குடித்தாள். வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. அதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

எல்லாம் அந்தப் பள்ளிக்கூட வாட்ச்மேன் செய்த வேலை. இல்லை, அவனைச் சொல்லிக் குற்றமில்லை, பாவம், நல்ல மனசில்தான் ஜெரால்டுக்குப் போன் போட்டிருப்பான். ஆனால் என்ன சொல்லிப் போட்டான் என்பதில்தான் இருக்கிறது. "டீச்சர் ஸ்கூல் கேட்ல வந்து நிக்காவ சார். வெள்ள ஷூ எல்லாம் போட்ருக்காவ. பெல்லு அடிச்சாச்சான்னு கேக்காவ." பெல் அடித்தாச்சா என்று அவள் கேட்கவில்லை. கேட்டாளா? ஷூ போட்டிருந்தது நிஜம். காலையில் நடக்கப் போகிறவள் ஷூ போடாமல் செருப்பையா மாட்டிக்கொண்டு போவாள்? நடந்தாள், சவேரியார் தெருவைத் தாண்டினாள், கிணற்றடித் திருப்பத்தில் வலது பக்கம் திரும்பினால் வீடு. திரும்பவேண்டிய இடத்தில் கால் நின்றுவிட்டது. தெரு தெரிகிறது, வேப்பமரம் தெரிகிறது, ஆனால் எந்தப் பக்கம் என்ற அந்தச் சின்ன விஷயம் மட்டும் தலைக்குள் ஈரத்துணி போட்டு மூடினது மாதிரி வரவில்லை. அப்புறம் கால் தன்பாட்டுக்கு நடந்தது, வருஷக்கணக்காகப் போன வழியில் போய் நின்றது, அவ்வளவுதான். ஓய்வு பெற்றது அவளுக்குத் தெரியாதா? மாலை போட்டு, குத்துவிளக்குக் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்களே. தெரியும். எல்லாம் தெரியும். ஆனால் அந்தத் திருப்பத்தில் நின்றபோது அடிவயிற்றில் ஒரு குளிர் இறங்கியது, அதுதான் தெரியாதது. இன்றைக்கும் படுத்தால் அந்தக் குளிர் வருகிறது. இவர்கள் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்? புத்தி கலங்கிக் கோட்டி பிடித்தவளுக்குத் தனக்குக் கோட்டி பிடித்திருப்பது தெரியுமா? சவம், இந்த நினைப்பே வேண்டாம். வேறு எதையாவது நினைக்க வேண்டும். மாவட்டப் போட்டியில் ரிலே ஓடி ஜெயித்தார்களே, அந்த நாலு பிள்ளைகள். முதலில் ஓடியவள் டெய்சி. ரெண்டாவது பாத்திமா. மூன்றாவது சண்முகக்கனி. நாலாவது, கட்டையாக, கறுப்பாக, கொலுசைக் கழற்றி டீச்சர் கையில் கொடுத்துவிட்டு ஓடினாளே, அவள் பேர். அவள் பேர் என்ன?

வரவில்லை. மூன்று பேர் வந்து வரிசையாக நிற்கிறார்கள், நாலாவது இடம் காலியாக இருக்கிறது. அதை விட்டு நகரவும் முடியவில்லை, பல்லில் சிக்கின நார் மாதிரி நாக்கு அங்கேயே போய்ப் போய் நெருடுகிறது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பெஞ்சுக்காரி, மடியில் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்தவள், குனிந்து டீச்சரைத் தாண்டி ஜெரால்டிடம் கேட்டாள். "யாருக்கு தம்பி, அம்மாவுக்கா?" ஜெரால்டு தலையாட்டினான். "ரொம்ப நாளாவா?" "ஒரு மூணு மாசமா, கொஞ்சம் கொஞ்சமா." "எங்க மாமியாருக்கும் இதான். பெத்த மகன், எம் மாப்பிள்ளையவே பாத்து அண்ணாச்சி, யாரு வீட்டுக்கு வந்திருக்கியன்னு கேக்காவ. நாங்க இப்போ வெளிய பூட்டிட்டுத்தான் கடைக்குப் போறது. அம்மா கடிச்சி கிடிச்சி வைக்காவளா?" டீச்சர் திரும்பினாள். "இன்னும் யாரையும் கடிக்கல. இன்னைக்குத்தான் தோணுது" என்றாள். அந்தப் பெண் கூடையை மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டாள். ஜெரால்டு, "அம்மா" என்று பல்லைக் கடித்தான். என்ன அம்மா? ஆளை நடுவில் உட்காரவைத்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பேசுகிற மாதிரி தலைக்கு மேலே பேசுகிறார்கள். மாடு வாங்க வந்தவன்கூட மாட்டின் வாயைப் பிடித்துப் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான். இவர்கள் இவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாரும் இப்படித்தான் ஆகிவிட்டார்கள், கை ஒடிந்ததிலிருந்தே. பொங்கல் முடிந்து, குளியலறையில் வழுக்கி, ஊன்றின வலது மணிக்கட்டு முறுக்கு நொறுங்கின மாதிரி ஒரு சத்தத்தோடு போயிற்று. வலித்ததைவிட அந்தச் சத்தம்தான் அவமானம். கட்டுப் போட்ட எலும்பு டாக்டர் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எலும்பின் அடர்த்தியை அளக்கிற ஸ்கேனாம். மைனஸில் வந்தது. ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு உள்ளே சல்லடையாகிக் கிடக்கிறது, இன்னொரு தரம் விழுந்தால் இடுப்புதான் என்றார். தண்டால் எடுத்த உடம்பு, உயரம் தாண்டின உடம்பு, அதற்கு மைனஸ் மார்க். அவர் எழுதியது சின்னச் சீட்டுதான். சாப்பிட்ட பிறகு போட ஒரு கால்சியம் மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை தோறும் பாலில் கலக்க ஒரு பொட்டலம் வைட்டமின் டி, ரெண்டு மாதம் கழித்து வந்து காட்டுங்கள், அப்புறம் எலும்புக்கு வேறு மருந்து பார்ப்போம். அவ்வளவுதான். அதோடு போயிருக்க வேண்டியது. ஆனால் பிள்ளைகளுக்குப் பாசம் பொங்கிவிட்டது. பெங்களூரிலிருந்து இவன் ஆன்லைனில் ஒரு டப்பா அனுப்பினான், ஹார்லிக்ஸ் பாட்டில் உயரத்துக்கு, ஒவ்வொரு மாத்திரையும் புளியங்கொட்டை தண்டிக்கு. "அந்த லோக்கல் மாத்திரையெல்லாம் சரியா ஒட்டாதும்மா, இது அமெரிக்கன் பிராண்டு, காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணு." அண்ணன் அனுப்பிவிட்டான், தங்கச்சி சும்மா இருப்பாளா? மஸ்கட்டில் இருக்கிற ரெக்ஸி, அங்கிருந்து வந்தவர் யாரிடமோ பேரீச்சம்பழம், தைலம், சோப்பு, அதோடு ஒரு குப்பியும் கொடுத்துவிட்டாள். உள்ளே மஞ்சளாக, தேன் சொட்டு மாதிரி பளபளவென்று உருண்டைகள். பார்க்கவே அழகு. "இங்க எல்லாரும் இதான் போடுறாங்கம்மா. தெனமும் ஒண்ணு." குப்பியின் மேலே ஐம்பதாயிரம் என்று போட்டிருந்தது. வெளிநாட்டுச் சாமான், எண்ணெல்லாம் பெரிசாகத்தான் போடுவான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சும்மா கொடுத்துவிட்டதோடு நிற்கவும் இல்லை ரெக்ஸி. ஒவ்வொரு நாளும் வீடியோவில் வந்துவிடுவாள். "போடும்மா, நான் பாக்கணும். முழுங்கிட்டியா? வாயத் திற. நாக்க நீட்டு." டீச்சரும் போன் முன்னால் நின்று, நற்கருணை வாங்குகிறவள் மாதிரி நாக்கை நீட்டிக் காட்டுவாள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் மகள் முகம் மலருமே, அதற்காக. எவ்வளவோ தூரத்தில் கிடக்கிற பிள்ளை, இவ்வளவாவது கேட்கிறாளே என்று. ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைப் போட்டால் விட்டது யாருடையதோ அவர்களுக்கு வருத்தம். ஆகையால் எல்லாவற்றையும் போட்டாள். டாக்டர் கொடுத்ததையும் நிறுத்தவில்லை. ரெண்டு மாதம் கழித்து அவரிடம் போகவும் இல்லை. "எதுக்கும்மா அங்க போயி வரிசைல நிக்க, அதான் நல்ல மாத்திரையா வந்துருச்சே" என்றது யார்? இவன்தான். இதோ போனைத் தள்ளிக்கொண்டிருக்கிற இவன்தான்.

அவனிடம் மலச்சிக்கலைப் பற்றிச் சொன்னாள். "வயசாயிருச்சுல்லம்மா, வாழைப்பழம் சாப்பிடு." ராத்திரி முழுக்க ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறேன் என்று ரெக்ஸியிடம் சொன்னாள். "வயசாச்சுன்னா அப்படித்தாம்மா, என் மாமியாரும் அப்படித்தான்." சோறு இறங்கவில்லை, மீன் வாடையே ஆகவில்லை என்று பக்கத்து வீட்டு மோட்சமேரியிடம் சொன்னாள். "ஒத்தையில கெடந்தா அப்படித்தான் டீச்சர். வயசும் ஆவுதுல்லா." வயசு, வயசு, வயசு. எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்கிற உண்டியல் மாதிரி ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பொங்கலுக்கு மோட்சமேரி வீட்டுப் பந்தலுக்குக் கயிறு கட்டியது யார்? வாழைத்தாரைத் தோளில் தூக்கி வந்தது யார்? பொங்கலுக்கு இல்லாத வயசு ஆடிக்குள் எங்கிருந்து வந்து குதித்தது? பால் பொங்கிக் கருகினது உண்மைதான். ரெண்டு தரம். அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், பால் ஏறி வழிவதும் தெரிந்தது, கையை நீட்டி அணைக்க வேண்டும் என்று தோன்றுவதற்கு மட்டும் அவ்வளவு நேரம் பிடித்தது. அதை மோட்சமேரி பெங்களூருக்குச் சொல்லி, பெங்களூர் மஸ்கட்டுக்குச் சொல்லி, நேற்று ராத்திரி இவன் மொட்டை மாடியில் நின்று பேசியதை அவள் படிக்கட்டில் நின்று கேட்டாள். "டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும் ரெக்ஸி. கையோட கூட்டிட்டுப் போயிருவேன். வீட்ட வாடகைக்கு விட ஆள் வந்து வெளிய இருந்தே பாத்துட்டுப் போயாச்சு. அம்மாகிட்ட இப்போ சொல்லவேண்டாம், டென்ஷன் ஆவாங்க." டென்ஷனாம். அவள் கட்டின வீடு. செத்துப்போன மனுஷன் ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்திருப்பாரா? மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சுவருக்குத் தண்ணீர் அடித்து, அந்தச் சுவர் காய்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவள் அவள். அதை விட்டுவிட்டு பெங்களூரில் பதினோராவது மாடியில், சன்னலைத் திறந்தால் இன்னொருத்தன் சன்னல் தெரிகிற அறையில், மருமகள் அலுவலகம் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போக, உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு டாக்டரின் வார்த்தை போதுமாம். இவளுடைய வார்த்தை ஒன்றும் வேண்டாம்.

அந்தப் பிள்ளையின் பேர் வந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. நாலாவது பிள்ளை. பேரைச் சொல்லிவிட்டால் ஒருத்தனும் தன்னை எங்கும் கூட்டிக்கொண்டு போக முடியாது என்பது போல ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. முகம் வருகிறது. கொலுசு வருகிறது. ஓடுவதற்கு முன்னால் ஒருநாள், காலை அசெம்பிளியில், ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பொத்தென்று சரிந்து விழுந்தாளே, அவள்தானே? அவள்தான். சுற்றி நின்ற பிள்ளைகள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இசக்கியம்மன் அடிச்சிட்டு டீச்சர். இல்ல டீச்சர், அவளுக்கு வலிப்பு. நடிக்கா டீச்சர், கணக்குப் பரீட்சை இன்னைக்கு. டீச்சர் விசிலை ஊதி எல்லாரையும் விலக்கிவிட்டு, அவள் தலையை மடியில் தூக்கி வைத்து, கண் திறந்ததும் கேட்டது ஒரே கேள்வி. "முப்பிடாதி, காலையில என்னட்டி சாப்ட்ட?"

முப்பிடாதி. பேர் வந்துவிட்டது. ஆனால் பேர் வந்த சந்தோஷத்தைத் தள்ளிக்கொண்டு அந்தக் கேள்வி முன்னால் வந்து நின்றது. அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, முந்தின ராத்திரியும் சாப்பிடவில்லை, யாரோ சொல்லிப் பூச்சி மருந்தை மட்டும் வெறும் வயிற்றில் குடித்திருந்தாள். எத்தனை வருஷம், எத்தனை பிள்ளைகள், மயங்கி விழுந்த எவளையும் அவள் முதலில் கோட்டி என்று சொன்னதில்லை. முதலில் கேட்பது வயிற்றுக்குள் என்ன போனது என்பதைத்தான். சாதாரண பி.டி. டீச்சருக்குத் தெரிந்த கேள்வி. இந்த மூன்று மாதத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அவளிடம் அதைக் கேட்டார்களா? போட்டியா போட்டியா என்றுதான் கேட்டார்கள். எதையெல்லாம் போடுகிறாய் என்று கேட்கவில்லை. ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள், அவரவர் டப்பா அவரவர் கண்ணுக்குத் தெரிந்தது, எல்லாம் போய்ச் சேர்கிற வயிறு ஒன்று என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை, அதுதான் அவளுக்கு ஆத்திரம். தோன்றவேண்டிய இடத்தில்தான் ஈரத்துணியைப் போட்டு மூடியிருக்கிறதே. அவள் காலடியில் கிடந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்தாள். மத்தியானம் போடவேண்டியது, ராத்திரிக்கு வேண்டியது, திரும்ப நேரமானால் ரெக்ஸி கேட்பாளே என்று எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பையை அசைத்தால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்டது. "பிலோமினா அம்மாள்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

டாக்டர் இளவட்டம், ஜெரால்டு வயசுதான் இருக்கும். "உக்காருங்கம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, "எப்போ இருந்து இப்படி?" என்று அவனிடம் கேட்டார். ஜெரால்டு எல்லாவற்றையும் சொன்னான். பால், ஷூ, கேட், பெல். அப்புறம் டாக்டர் அவள் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரலில், மூன்று சொற்களைச் சொன்னார், ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். என்ன கிழமை என்றார். சொன்னாள். என்ன மாதம் என்றார். சொன்னாள். "நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிச்சிட்டே வாங்க பாப்போம்." தொண்ணூத்தி மூணு. எண்பத்தி ஆறு. அப்புறம் துணி வந்து மூடிக்கொண்டது. எண்பத்தி ஆறு. எண்பத்தி ஆறு. டாக்டர் பேனாவை எடுத்து ஏதோ குறித்தார். ஜெரால்டு தரையைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் அவளை எழுப்பியது, பாவம் அம்மா என்கிற அந்தப் பார்வை. "கணக்கு இருக்கட்டும் டாக்டர்" என்றாள். குரல் உயரவில்லை, மைதானத்தில் அவள் எப்போதும் கத்தியதில்லை. "நான் என்ன திங்கேன்னு நீங்க கேக்கலையே." பையை மேசைமேல் கவிழ்த்தாள். டப்பா உருண்டது, அட்டைகள் சரிந்தன, பொட்டலங்கள் விழுந்தன, மஸ்கட் குப்பி டாக்டரின் பேனாவில் முட்டி நின்றது. அவர் சும்மாதான் எடுத்தார். திருப்பிப் படித்தார். மறுபடி படித்தார். "இது வாரத்துக்கு ஒண்ணா போடுறீங்க?"

"தெனமும்."

"எவ்ளோ நாளா?"

"ஈஸ்டர்ல இருந்து."

"இந்தப் பொட்டலம்?"

"அது ஞாயித்துக்கெழம. பால்ல."

"ரெண்டும் ஒரே மருந்தும்மா, வைட்டமின் டி" என்றார் டாக்டர். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் கால்சியத்தை எடுத்தார், அட்டையில் உள்ளதையும் டப்பாவில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தாகம் எடுக்குதா? எடுக்குது. ராத்திரி எந்திரிக்கீங்களா? ஆமா. வெளிக்கிப் போகுதா? கல்லாட்டம். வாய் கசக்குதா, குமட்டுதா, சோர்வா இருக்கா? ஒவ்வொன்றுக்கும் ஆமா ஆமா என்று சொல்லச் சொல்ல அவளுக்குக் கண் கலங்கிக்கொண்டு வந்தது, துக்கத்தில் இல்லை, இவ்வளவு நாளும் வயசு என்ற உண்டியலில் போட்டதையெல்லாம் ஒருத்தர் வெளியே எடுத்து வரிசையாக அடுக்குகிறாரே என்று. ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம் என்றார். ஏறினால் மூளையும் மந்தமாகும், கிட்னியும் தாங்காது. எலும்புக்கு நல்லதுதான், அளவாகப் போனால். ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்தால் அளவு யார் கையில் இருக்கும்? "ரத்தத்துல பாத்தாத்தான் நிச்சயமாத் தெரியும். இன்னைக்கே பாத்துருவோம். அதுவரைக்கும் இதுல எதையும் தொடவேண்டாம். இன்னைக்கு நிறுத்தினா நாளைக்கே சரியாயிராது, இந்த வைட்டமின் உடம்புல தங்கும், இறங்க நாளாகும். எலும்புக்கு வைத்தியம் வேணும், அதை அப்புறம் அந்த எலும்பு டாக்டர் ஒருத்தரே பாக்கட்டும். ஞாபகமறதின்னு நான் இப்போ ஒண்ணும் எழுதப் போறதில்ல." கொஞ்சம் நிறுத்தி, "மொதல்லயே கேட்டிருக்கணும்" என்றார். பிறகு பழக்க தோஷம், ஜெரால்டு பக்கம் திரும்பினார். "அம்மாவ அட்மிட் பண்ணிருங்க, டிரிப் போடவேண்டியிருக்கும்."

"என்னப் பாத்துச் சொல்லுங்க டாக்டர்" என்றாள். "படுக்கப் போறது நான்லா."

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, அவளைப் பார்த்து, இன்னொரு தரம் சொன்னார்.

ரத்தம் எடுக்கிற அறைக்குப் போகிற வழியில் ஜெரால்டு பின்னாலேயே வந்தான். "ஏம்மா, நீ சொல்லிருக்கலாம்ல, இத்தனையும் சேத்துப் போடுறேன்னு." அவள் நின்றாள். நிம்மதியாக இருக்க வேண்டும் இப்போது, இல்லையா? இல்லை. கோபம்தான் இருந்தது, நல்ல சுத்தமான கோபம், வெயிலில் காய்ந்த துணி மாதிரி மொடமொடவென்று. அதற்கு அடியில் அந்தக் குளிரும் இருந்தது. ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால்? வந்தால் வரட்டும். அப்போது அந்தப் பலகைக்கு எதிரே தானாகவே வந்து உட்காருவாள், நடந்தே வருவாள், யாரும் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் தன் வீட்டை இன்னொருத்தர் கையில் விட்டுவிட்டு ஒரு சொட்டு ரத்தம் கொடுக்க மாட்டாள். காலையில் வீட்டைப் பூட்டியது இவன். அவள் பூட்டப் போனபோது, விடும்மா நான் பூட்டுறேன் என்று வாங்கிப் பூட்டி, தன் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான். அப்போது அவளுக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

"சாவியக் கொடு" என்றாள்.

"எந்தச் சாவி?"

"என் வீட்டுச் சாவி."

"நீ இங்க படுக்கப் போற, இப்போ எதுக்கும்மா அது" என்றான். அவள் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கை இறங்கவில்லை. நர்ஸ் ஊசியைப் பிரித்து வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜெரால்டு முகம் சிவந்து, பைக்குள் கையை விட்டுத் துழாவி, கடைசியில் அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, சாவியோடு அந்த ஒடியாத கையை நீட்டினாள். நர்ஸ் ரப்பரை இழுத்துக் கட்டினாள். "கைய நல்லா இறுக்கி மூடுங்கம்மா, நரம்பு தெரியணும்."

இறுக்கித்தான் மூடியிருந்தாள். முழங்கை மடிப்பில் நரம்பு பச்சையாக எழும்பி நின்றது.